கிட்னிக்குப் போனால் எக்கோ எழுதுகிறார்களே, எதற்கு?

கேள்வி: 5 ஜனவரி 2025

அப்பச்சிக்கு வயது 71. பதினைந்து வருடமாக சுகர். போன வாரம் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு) 1.6 என்று வந்தது. கிட்னி டாக்டரிடம் கூட்டிப் போனோம். கிட்னிக்கென்று ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேன், இ.சி.ஜி., அப்புறம் யூரினில் ஆல்புமின் என்கிற புரதம் என்று மூன்று டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அப்பச்சிக்கு நெஞ்சு வலி எதுவும் கிடையாது. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூருக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறார். காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று வீட்டில் பேச்சு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க வேறு கிளம்பிக்கொண்டிருக்கிறார். கிட்னிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் எடுத்துத்தான் ஆகணுமா?

5 ஜனவரி, இரவு

எடுங்கள். மூன்றையும் எடுங்கள். நாளைக்கே.

6 ஜனவரி

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டேன். முதலில் ஒன்று: நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்த கை, அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் சொந்தமாக அடி வாங்கியவன்.

கிட்னி கெட்டால் டயாலிசிஸ் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். அமெரிக்காவில் 2004-ல் வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். கிட்னி வடிகட்டும் வேகத்தை ஈ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள். அது 30-க்கும் 59-க்கும் நடுவில் இருந்தவர்களை ஐந்து வருடம் பார்த்தார்கள். டயாலிசிஸுக்கோ மாற்றுக் கிட்னிக்கோ போனவர்கள் 1.3 சதவீதம். அதற்குள் இதயத்தால் இறந்துபோனவர்கள் 24.3 சதவீதம். எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சியின் 1.6-ஐ 71 வயசுக்குக் கணக்குப் போட்டால் ஈ.ஜி.எஃப்.ஆர். 46 வரும். அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்.

6 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

திருத்தம். 24.3 என்பது எல்லாக் காரணங்களும் சேர்ந்த மரணக் கணக்கு. எல்லாமே இதயத்தால் என்பதுபோல எழுதிவிட்டேன். அவசரம். இதயத்துக்கென்று தனிக் கணக்கு அதே 2004-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது, பதினோரு லட்சம் பேருக்கு மேல் வைத்துப் போட்டது. ஈ.ஜி.எஃப்.ஆர். 60-க்கு மேல் உள்ளவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம், இதயம் தளர்வது போன்றவை வரும் வாய்ப்பு 45–59-ல் 1.4 மடங்கு, 30–44-ல் 2 மடங்கு, 15–29-ல் 2.8, அதற்கும் கீழே 3.4. வயசு, சுகர், பிரஷர் எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்கிற கணக்கு இது. படிப்படியாக ஏறுவதைப் பாருங்கள்.

7 ஜனவரி, இரவு

அடி வாங்கியது என்னவென்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எழுதிவிடுகிறேன்.

2019-ல் அம்மான் வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). என் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, அப்போது 70. காலையிலிருந்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நின்று பணியாரம் சுடுபவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் முகப்புக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். "என்னமோ மேல எதுக்களிக்குது, ஏப்பம் வரமாட்டேங்குது" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவரின் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. பார்த்தேன். அடுப்படியில் நின்ற வேர்வை என்று நினைத்துக்கொண்டேன். சட்டைப் பையில் இருந்த கேஸ் மாத்திரையைக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரன் இல்லையா, பையில் எப்போதும் இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பட்டாலையில் சுவரோடு சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காலையில் கூட்டிப் போனால் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "அட்டாக் நேற்றே வந்து போய்விட்டது" என்றார்கள். எக்கோவில் பம்பிங் 35 சதவீதம். அறுபது பக்கத்தில் இருக்க வேண்டியது.

நெஞ்சு வலியே இல்லாமல் வந்த அட்டாக். சுகர்காரருக்கு அப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். கிட்னி குறைந்தவருக்கும் அப்படித்தான், வலிக்குப் பதிலாக மூச்சுத் திணறலாக வரும் என்பது தெரியாது. ஆத்தாவுக்குக் கிட்னி குறைந்திருந்ததே எனக்குத் தெரியாது.

8 ஜனவரி

அது எப்படித் தெரியாமல் போகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஆத்தாவின் லேப் தாள்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒவ்வொன்றிலும் கிரியாட்டினின் 1.1, 1.2, 1.2. பக்கத்தில் நார்மல் என்று 1.2 வரைக்கும் அச்சடித்திருக்கும். நானும் பார்த்துவிட்டு டின்னை மூடினேன்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சதைப்பிடிப்பான ஆளுக்கு அதிகமாகவே இருக்கும், மெலிந்த வயசான பெண்ணுக்குக் குறைவாக இருக்கும். அதனால் ஒரே எண்ணுக்கு ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு. 30 வயசு ஆணுக்கு 1.2 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். 83, கவலை இல்லை. 68 வயசுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் 49. கிட்னி நோயில் மூன்றாம் நிலை. இப்போது பல லேப்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். சேர்த்தே அச்சடிக்கிறார்கள். அப்போது எங்கள் தாளில் அது இல்லை. கணக்குப் போடத் தெரிந்த பிறகு, பழைய தாள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வைத்தேன். யாருக்காக எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

அந்த 49 வெறும் கிட்னிக் கணக்கு இல்லை என்பதைத்தான் இத்தனை நீட்டி முழக்கிச் சொல்கிறேன். அது இதயத்துக்கு வந்த ஓலை. விலாசம் மட்டும் கிட்னி பெயரில்.

9 ஜனவரி

ஒன்று கெட்டால் இன்னொன்று ஏன் கெடுகிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கிட்னிக்குத்தான் போகிறது, கைப்பிடி அளவுள்ள இரண்டு உறுப்புக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். கலுங்கு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையை முட்டும். கிட்னியால் உப்பை வெளியே தள்ள முடியாவிட்டால் ரத்தக் குழாய்க்குள் நீர் தங்கி பிரஷர் ஏறும். போதாததற்கு, தனக்கு ரத்தம் பத்தவில்லை என்று கிட்னி ரெனின் என்கிற சுரப்பை விடும். அது பிரஷரை இன்னும் ஏற்றும். அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துப்போகும். டயாலிசிஸ் தொடங்கும் கட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித் தடித்திருப்பதாகக் கனடாவில் பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எக்கோகூட வேண்டியிருக்கவில்லை. 1836-லேயே லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், கிட்னி கெட்டு இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, பலருக்கு இதயம் பெருத்திருக்கிறது என்று எழுதிவிட்டார். பிரஷர் பார்க்கும் கருவியே அப்போது கிடையாது.

9 ஜனவரி, மாலை

ஊருணி உவமை பாதிக்குத்தான் சரி. தண்ணீர் மட்டும் விஷயமில்லை. ரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் கிட்னியில்தான் சுரக்கிறது. அது குறைந்தால் சோகை, சோகை வந்தால் இதயத்துக்கு வேலை கூடும். பாஸ்பேட் வெளியே போகாமல் தங்கினால் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். சாதாரணக் கொழுப்பு அடைப்பு உள்பக்கம் வருவது, இது சுவரின் நடுவிலேயே படிந்து குழாயை விறைப்பாக்கிவிடும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய நம் வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு அழகு, குழாய்க்கு ஆகாது. பொட்டாசியம் ஏறினால் துடிப்பே தாறுமாறாகும்.

அப்புறம் எதிர்த்திசையும் உண்டு. இதயம் தளர்ந்தால் கிட்னிக்கு ரத்தம் போதாமல் அது இன்னும் கெடும். யார் முதலில் தொடங்கினது என்று பங்காளிச் சண்டையில் கேட்கிற மாதிரிதான். 2023-ல் அமெரிக்க இதயச் சங்கம் சுகர், உடல் எடை, கிட்னி, இதயம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நோய்த் தொகுதியாகப் பெயர் வைத்துவிட்டது.

11 ஜனவரி

உப்பு. இது இல்லாமல் நம் ஊரில் பேச்சு முடியாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லியே வளர்த்தார்கள். உப்புக்கறி என்று பெயரிலேயே உப்பை வைத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஒரு டீஸ்பூன்தான். ஆவக்காய், மோர் மிளகாய், சீடை, தேன்குழல், இத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

உப்புக்குப் பதிலாக இந்துப்பு போட்டுக்கொள்ளுங்கள், சோடியம் குறைவு.

11 ஜனவரி, இரவு

மேலே கடைசி வரியைப் படிக்காதீர்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு. கடையில் அதை விற்றபோது நானே நம்பிய கதை, பழக்கத்தில் வந்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "லோ சோடியம்" உப்பு என்று பாக்கெட் வருகிறதே, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் கொடுத்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். பக்கவாதம் குறைந்தது, உண்மை. ஆனால் கிட்னி மோசமாக உள்ளவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை. கிட்னி குறைந்து, டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் அந்த உப்பைப் போட்டுக்கொண்டால் பொட்டாசியம் ஏறும். இளநீரும் அப்படித்தான். ஒரு டம்ளரில் ஒரு வாழைப்பழத்துக்கு ஈடாகவோ கூடவோ பொட்டாசியம் இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்காமல் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினமும் வெட்டிக் கொடுக்காதீர்கள்.

15 ஜனவரி

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால், "கோலா ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்பச்சி ஒரு வாரமாகக் கோபத்தில் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அவர் சொன்னது பாட்டிலில் வரும் கறுப்பு கோலா. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. நம் கறிக் கோலா உருண்டையை அவர் சொல்லியிருக்க மாட்டார். டாக்டர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், நம் ஊரில் கோலா என்றால் எது என்று தெரியாது.

கோலா உருண்டையும் அளவோடுதான். ஆனால் அது வேறு வழக்கு.

18 ஜனவரி

பழனி நடை. இதைத்தான் நான் பயந்துகொண்டே தள்ளிப்போட்டேன். பக்தி விஷயத்தில் தலையிட்டால் ஊரில் நடமாட முடியாது.

நடை கெடுதல் இல்லை, நல்லதுதான். எக்கோ பார்க்காமல் நடப்பதுதான் கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல் வலி மாத்திரை. தைப்பூச சமயத்தில் என் கடையில் டைக்ளோஃபினாக் அட்டை அட்டையாகப் போகும். பாதயாத்திரைக்காரர்கள் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். கிட்னிக்குள் ரத்தம் வரும் குழாயை அது சுருக்கும், உப்பைத் தேக்கும், பிரஷரை ஏற்றும். கூடவே டெல்மிசார்டன், நீர் பிரிகிற மாத்திரை, வெயிலில் நீர் வற்றிய உடம்பு, எல்லாம் சேர்ந்தால் ஒரே வாரத்தில் கிரியாட்டினின் எகிறிவிடும். அப்பச்சி பையில் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போட்டு அனுப்புங்கள். மற்ற வலி மாத்திரையை எடுத்து ஒளித்து வையுங்கள்.

எத்தனை அட்டை விற்றிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். விற்கும்போது ஒருவரிடமாவது "கிட்னி டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா" என்று கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

22 ஜனவரி

எக்கோ வந்துவிட்டது, பம்பிங் 58, இடது அறை தடித்திருக்கிறது, ஆல்புமின் விகிதம் 420 என்று எழுதியிருக்கிறீர்கள். 58 நல்ல செய்தி. தடிப்பு நாம் பேசியதுதான். 420-ஐக் கவனியுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும், 300-ஐத் தாண்டினால் கடைசிப் படி. யூரினில் புரதம் ஒழுகுகிறது என்றால் கிட்னியின் சல்லடை மட்டும் பழுதில்லை, உடம்பு முழுக்க உள்ள நுண்குழாய்களின் உள்சுவரும் பழுதுபட்டிருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருந்தாலும் ஆல்புமின் கூடினால் இதய ஆபத்து கூடும். இத்தனைக்கும் இருப்பதிலேயே மலிவான டெஸ்டுகளில் அது ஒன்று. காசு பிடுங்குகிறவர் இதை எழுத மாட்டார்.

26 ஜனவரி

"கொலஸ்ட்ரால் மாத்திரை கிட்னிக்காரருக்குப் பிரயோஜனமில்லை" என்று இன்னொரு இடத்தில் நான் எழுதியதை ஒருவர் எடுத்துக்காட்டிக் கேட்கிறார். அரைகுறையாக எழுதிவிட்டேன். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குப் புதிதாக ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், 2005-ல் ஒன்று, 2009-ல் ஒன்று, பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் 2011-ல் கிட்னிக்காரர்கள் 9,270 பேரை வைத்துச் செய்ததில், பெரும்பாலோர் டயாலிசிஸுக்குப் போகாதவர்கள், இதய ரத்தக்குழாய்ச் சம்பவங்கள் 17 சதவீதம் குறைந்தன. ஆக, சீக்கிரம் தொடங்கினால் பலன், மிகவும் தாமதித்தால் இல்லை. அப்பச்சிக்கு எழுதியிருந்தால் நிறுத்த வேண்டாம்.

29 ஜனவரி

ஆத்தாவுக்கு ஆஞ்சியோ எடுத்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

எடுக்கவில்லை. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் கிட்னியைக் கெடுத்துவிடும், டயாலிசிஸ் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் எடுக்கலாம் என்றார். டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அதில் சத்தமான குரல் என்னுடையது.

பிற்பாடு படித்தேன். கிட்னி குறைவு என்ற பயத்திலேயே, எடுத்தால் பலன் கிடைக்கும் வயசானவர்களுக்குக்கூட ஆஞ்சியோவைத் தவிர்க்கிறார்கள் என்று 2004-லேயே அமெரிக்காவில் எழுதி, அதற்கு "ரீனலிசம்" என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2020-ல் வந்த ஆய்வில், கிட்னி மிகவும் குறைந்து இதய நோய் நிலையாக உள்ள 777 பேரிடம், உடனே ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைப்பதால் மாத்திரையைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. ஆனால் அது நிலையாக இருப்பவர்களுக்கு. ஆத்தாவுக்கு வந்தது அட்டாக். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போட முடியவில்லை.

மூன்று வருடம் இருந்தார். கால் வீங்கும், மெட்டி இறுகும், மாத்திரையைக் கூட்டுவோம், வடியும், மறுபடி வீங்கும். 2022-ல் ஒரு விடிகாலை போய்விட்டார். கிரியாட்டினின் கடைசி வரை 1.5-ஐத் தாண்டவில்லை. எந்தக் கிட்னியைக் காப்பாற்றப் பயந்தோமோ அது கடைசி வரை டயாலிசிஸ் பக்கம் போகவே இல்லை.

13 பிப்ரவரி

அப்பச்சி குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி வரை நடந்துவிட்டு, மீதிக்குக் காரில் ஏறிக்கொண்டார் என்று படித்தேன். அடித்துப்பிடித்து ஏற்றியதா, அவராகவே ஏறினாரா என்று எழுதவில்லை. முருகன் கணக்கில் அதுவும் வரவுதான்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தகவல். 2023-லிருந்து தமிழக அரசின் "இதயம் காப்போம்" திட்டத்தில், அட்டாக் என்று சந்தேகப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மதுரை தொண்ணூறு கிலோமீட்டர். நேராக அங்கே விரட்டுவதற்கு முன் பக்கத்தில் உள்ளதில் இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். முக்கியமாக, ஏப்பம் என்று சொன்னால் கேஸ் மாத்திரை கொடுக்காதீர்கள்.

20 பிப்ரவரி

டபாக்ளிஃப்ளோசின் எழுதியிருக்கிறாராம், "சுகர் மாத்திரையை ஏன் கிட்னிக்குக் கொடுக்கிறார்" என்று அப்பச்சி கேட்கிறாராம். சுகருக்கு வந்த மாத்திரைதான். 2020-ல் 4,304 கிட்னிக்காரர்களிடம் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பேருக்குச் சுகரே கிடையாது. கிட்னி பாதிக்கு மேல் சரிவது, டயாலிசிஸ், கிட்னி அல்லது இதய மரணம், இவை சேர்ந்த கணக்கு 39 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் அக்டோபரில் இங்கே அதன் முதல் காப்புரிமையும் முடிந்தது, ஏகப்பட்ட கம்பெனி இறங்கி விலை சரிந்தது. ஒரு அட்டை விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துப் போனவர்களை அதற்கு முன் பார்த்திருக்கிறேன்.

தொடங்கியதும் கிரியாட்டினின் லேசாக ஏறலாம், பதறி நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, பேதி, முழுப் பட்டினி விரதம் என்றால் அந்த நாட்களில் நிறுத்த வேண்டியிருக்கும். அதை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சஷ்டி வந்த பிறகு அல்ல.

14 ஜூன்

நான்கு மாதம் கழித்து வந்திருக்கிறீர்கள். ஆல்புமின் 420-லிருந்து 190. கிரியாட்டினின் 1.7. அப்பச்சி "கூடிப்போச்சே" என்று கவலைப்படுகிறாராம். அந்த 0.1-ஐ விடச் சொல்லுங்கள், 190-ஐப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொட்டாசியம் எவ்வளவு என்று எழுதவில்லையே? அடுத்த முறை அதையும் போடுங்கள்.

15 ஜூன்

தேவகோட்டையிலிருந்து புதிதாக ஒருவர்: "ஆத்தாவுக்கு 1.1 தான், லேப்பில் நார்மல் என்று போட்டிருக்கிறது, நாங்கள் இதையெல்லாம் படிக்க வேண்டியதில்லைதானே?"

வயசு எத்தனை?